பேப்பரில் மட்டும் இரண்டு வருடம்

மேனேஜர் அந்தக் காகிதத்தை நீட்டியபோது நான் மைதானத்து ஓரமாக உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலைப் பயிற்சி அப்போதுதான் முடிந்திருந்தது. சீசன் தொடங்க இன்னும் மூன்று வாரம். நாலு பக்கம், ஓரத்தில் பின் அடித்திருந்தது. கடைசிப் பக்கத்தில் என் பெயருக்கு நேராகப் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்பதை முதலில் குறித்துவைத்துவிட்டு, என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பிறகு சொல்கிறவர்களோடு எனக்கு ஏற்கெனவே பழக்கம் உண்டு.

"ஒண்ணுமில்லமா. பழைய அக்ரிமென்ட்டையே கொஞ்சம் மாத்தி எழுதியிருக்கோம். உனக்கு ஒரு ரூபா கொறையாது" என்றார்.

"கொறையாதுன்னா எதுக்கு சார் மாத்தணும்?"

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை.

என் பிழைப்பைப் பற்றிச் சொன்னால்தான் இது புரியும். தேர்வாய் கண்டிகையில் கார்களுக்கு ஒயர் கட்டு செய்யும் ஒரு தொழிற்சாலையில் எட்டு வருடமாக வேலை செய்கிறேன். ஆனால் காகிதத்தில் பார்த்தால் எனக்கு ஒரு வருட அனுபவம்கூடக் கிடையாது. பதினோரு மாதம் முடியும் சமயத்தில் காண்டிராக்டரின் ஆள் ஒரு காகிதத்தோடு வருவான். பழைய காண்டிராக்டர் போய்விட்டார், புதியவர் வந்திருக்கிறார், இதில் ஒரு கையெழுத்து, சும்மா பேப்பருக்குத்தான் என்பான். மேசை அதே மேசை, சூப்பர்வைசர் அதே சூப்பர்வைசர். நான் மட்டும் மறுபடி புதிதாகச் சேர்ந்தவள் ஆகிவிடுவேன். முதல் மூன்று முறை படிக்காமல் போட்டேன். நாலாவது முறை படித்துவிட்டுப் போட்டேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

கால்பந்து அப்படி இல்லை என்று நினைத்திருந்தேன். கும்மிடிப்பூண்டியைச் சுற்றியுள்ள கம்பெனி முதலாளிகள் எட்டுப் பேர் சேர்ந்து பெண்களுக்கு ஒரு லீக் தொடங்கியிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் ஆடியவர்கள், கல்யாணம் ஆகி விட்டுவிட்டவர்கள், ஷிப்டு வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் வந்து சேர்ந்தோம். நான் ஸ்டாப்பர். கீப்பருக்கு முன்னால் நின்று எதிரணியை மறிப்பது என் வேலை. ஒரு சீசனுக்கு எனக்குத் தொண்ணூறாயிரம் ரூபாய் பேசியிருந்தார்கள். ஆறு தவணை. தொழிற்சாலையில் அரை வருடம் நின்றால் வருகிற பணம் அது.

அந்த லீக்கில் ஒரு விதி இருந்தது. எந்த அணியும் ஒரு சீசனில் ஆட்டக்காரிகளுக்கு மொத்தமாகப் பத்து லட்சத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது. பணக்காரக் கம்பெனி ஒன்று நல்ல ஆட்டக்காரிகளையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விடக் கூடாது என்பதற்காக வைத்தது. எல்லாரும் அதை 'லிமிட்' என்பார்கள். எங்கள் அணி அந்த லிமிட்டை ஏற்கெனவே தொட்டுவிட்டது. ஆனால் எங்கள் முதலாளிக்குத் தடாப் பக்கத்திலிருந்து வரும் ஒரு ஸ்டிரைக்கர் மேல் கண். முந்தைய சீசனில் எங்களுக்கு எதிராக மூன்று கோல் போட்டவள். மூன்றையும் என்னைத் தாண்டித்தான் போட்டாள். அவள் கேட்டது ஒரு லட்சத்து அறுபதாயிரம்.

மேனேஜர் வருகைப் பதிவுத் தாளைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். அவர் திருவள்ளூரை ஒட்டிய மணவாள நகரில் கணக்கு எழுதிக் கொடுக்கும் ஆபீஸ் வைத்திருப்பவர். மேட்ச் நடக்கும்போதுகூடப் பந்தைப் பார்க்க மாட்டார், ஃபைலைத்தான் பார்ப்பார்.

"உன் தொண்ணூறுல முப்பதாயிரம் இந்த சீசன் சம்பளமா அப்டியே இருக்கும். மீதி அறுபதாயிரத்த இப்பவே மொத்தமா உன் கைல குடுத்துடறோம், கையெழுத்துப் பணம்னு. அக்ரிமென்ட்ட மூணு வருஷமா எழுதிட்டா, அந்த அறுபதாயிரத்த மூணு வருஷத்துக்குப் பிரிச்சு வருஷத்துக்கு இருபதுன்னு கணக்குல காட்டலாம். லீக் ரூல்லயே இடம் இருக்கு. அப்போ இந்த வருஷம் உன் பேர்ல முப்பது பிளஸ் இருபது, அம்பதாயிரம்தான் ஏறும். நாப்பதாயிரம் எடம் கெடைக்குது. உன்ன மாதிரி நாலு பேரு போட்டா அந்தப் பொண்ண இட்டாந்துரலாம்."

"அந்த ரெண்டாவது வருஷம், மூணாவது வருஷம் எனக்கு இன்னா சம்பளம்?"

"அது சும்மா பேப்பருக்குமா. இந்த சீசன் முடிஞ்சதும் அந்த ரெண்டு வருஷமும் தானா ரத்தாயிடும். கடைசிப் பக்கத்துல இருக்கு பாரு."

சும்மா பேப்பருக்கு. அந்தச் சொல் காதில் விழுந்ததும் என் கை தானாகக் காகிதத்தை மடித்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அடுத்த திங்கட்கிழமை லீக்கில் பட்டியல் கொடுக்க வேண்டும், அதற்குள் சொல் என்றார்.

அதே காகிதம் எங்கள் கீப்பருக்கும் வந்திருந்தது. அவளுக்கும் தொண்ணூறாயிரம்தான். என்னைவிட மூன்று வயது பெரியவள், அதனால் அக்கா என்பேன். கும்மிடிப்பூண்டியில் பிஸ்கட் பாக்கெட் போடும் கம்பெனியில் வேலை. கணவன் விட்டுப் போய்விட்டான். எட்டாவது படிக்கும் மகளோடு தனியாக இருந்தாள். நாலு சீசனாக அவளுடைய குரல் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. 'லெப்ட்ல வரா, லெப்ட்ல' என்று அவள் கத்தினால் திரும்பிப் பார்க்காமலே இடப்பக்கம் நகர்வேன்.

அன்று பஸ் நிறுத்தத்தில் அவளிடம் கேட்டேன். "நீ இன்னா பண்ணப் போற க்கா?"

"புரியலடி. மொத்தமா டப்பு குடுக்கறேன்றாங்க. பொண்ணுக்கு பீஸ் கட்டிரலாம். ஆனா சும்மா யாரு குடுப்பா?"

"அதான் நானும் சொல்றேன். மூணு வருஷம்னு எழுதிக்கினு ஒரு வருஷத்துல ரத்துன்னா, நடுவுல இன்னாவோ இருக்குது. நீ போடாத. நானும் போடல. ரெண்டு பேரும் சேந்தே போய்க் கேப்போம்."

அவள் தலையாட்டினாள். இதை நான் சொன்னேன் என்பதை இங்கே அழுத்தி எழுத வேண்டியிருக்கிறது. போடாதே என்று அவளிடம் சொன்னது நான்தான்.

வீட்டில் என் கணவர் காகிதத்தை வாங்கி, சாப்பிட்டுக்கொண்டே படித்தார். அவர் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். முன்பு வேலை செய்த கம்பெனியில் அவரை நிறுத்தியபோது மொத்தமாக ஒரு தொகை கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

"மொத்தமா குடுத்தான்னா கழட்டி வுடப் போறான்னு அர்த்தம்" என்றார். "எனக்கு அப்டிதான குடுத்தான். குடுக்கறப்ப டீ வாங்கிக் குடுத்தான். அடுத்த நாளு கேட்டுல வுடல."

"கழட்டிட்டு பணத்த திருப்பிக் கேட்டா?"

"அத்த எழுதி வாங்கு. எழுதாததுக்கு எவன் பதில் சொல்லுவான்?"

அந்த வாரம் முழுக்க அந்த நாலு பக்கத்தையும் கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் படித்தேன். புரியாத வரியெல்லாம் எனக்கு எதிராக எழுதியது போலவே இருந்தது. புரிந்த வரிகளும், இவ்வளவு எளிதாகப் புரிகிறதே, இதில் எதையோ ஒளித்திருக்கிறார்கள் என்று தோன்றவைத்தன.

வியாழக்கிழமை பயிற்சிக்குப் போனபோது எங்கள் அணியில் ஆடும் ஒரு பெண் பேச்சுவாக்கில் சொன்னாள். அவளுக்கு மணவாள நகரில் அக்கா வீடு. முந்தைய நாள் அங்கே போயிருந்தபோது, மேனேஜரின் வெள்ளைக் காரிலிருந்து நம் கீப்பர் இறங்கினாள், ரயிலடியில், என்றாள். கும்மிடிப்பூண்டியிலிருந்து மணவாள நகருக்குப் போக வேண்டுமென்றால் இரண்டு ரயில் மாற வேண்டும். சும்மா போகிற இடம் இல்லை.

பயிற்சி முடிந்ததும் கீப்பரிடம் கேட்டேன். "நேத்து லீவா க்கா?"

"ஆமாடி. கொஞ்சம் வேல இருந்துச்சு."

அவ்வளவுதான் சொன்னாள். கையுறையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள், என்னைப் பார்க்கவில்லை. என்ன வேலை என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் பொய் சொல்லுவாளோ என்று பயந்தேன். பொய் சொன்னால் அதற்குப் பிறகு நாலு சீசனும் பொய்யாகிவிடும். அதனால் கேட்காமலே முடிவு செய்துகொண்டேன். அவள் தனியாகப் போய்ப் பேசிவிட்டாள், அவளுக்கு வேறு கணக்கு, எனக்கு வேறு கணக்கு.

சனிக்கிழமை முதல் ஷிப்டு முடிந்ததும் ஊத்துக்கோட்டை வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறித் திருவள்ளூரில் இறங்கி, மணவாள நகருக்குப் போனேன். மொபைல் கடைக்கு மேலே மேனேஜரின் ஆபீஸ். அவர் ஃபைலிலிருந்து என் காகிதத்தை எடுத்து வைத்தார். புதிதாக அச்செடுத்தது. கடைசிப் பக்கத்தில் முன்பு இல்லாத ஒரு வரி இருந்தது. எந்தக் காரணத்துக்காக அணியிலிருந்து நீக்கினாலும் கையெழுத்துப் பணம் திரும்பக் கேட்கப்பட மாட்டாது.

நான் கேட்க வந்தது அதைத்தான். இன்னும் வாயே திறக்கவில்லை.

"இது எப்டி சார்?"

"நீ கேப்பேன்னு தெரியும்மா" என்றார்.

நான் கேட்கப் போவது அவருக்கு எப்படித் தெரியும்? கேட்பதற்கு முன்பே கொடுத்தால், கேட்க வேண்டியது வேறு எதுவோ என்று அர்த்தமில்லையா? நாலு பக்கத்தையும் மறுபடி இரண்டு முறை படித்தேன். ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்தேன். அவர் மின்விசிறியைக் கூட்டினார், குறைத்தார். பிறகு யார் முதலில் என்பதில் சிக்கல் வந்தது. கையெழுத்துப் போடு, பணம் போடுகிறேன் என்றார். பணம் வரட்டும், போடுகிறேன் என்றேன். கடைசியில் அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு, நான் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். என் போனில் வங்கிச் செய்தி வந்ததும் போட்டேன்.

திரும்பி வரும் பஸ் இரண்டு மணி நேரம் ஓடியது. கீப்பருக்கு நான் போன் செய்யவில்லை. சார்ஜ் இல்லை, சத்தம் அதிகம் என்றெல்லாம் பிற்பாடு எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். போனில் சார்ஜ் இருந்தது. அவள் ஏற்கெனவே போட்டிருப்பாள், நான் எதற்குச் சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

அவள் போட்டிருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அவளை அணியிலிருந்து எடுத்துவிட்டதாகச் செய்தி வந்தது. ஆர்.கே.பேட்டையிலிருந்து ஒரு கல்லூரிப் பெண்ணை இருபதாயிரத்துக்குக் கீப்பராகப் பேசிவிட்டார்கள். மாலையில் கீப்பர் மைதானத்துக்கு வந்தாள். அவளுடைய பழைய பூட்ஸும் இரண்டு ஜெர்சியும் ஸ்டோர் அறையில் இருந்தன. அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"நீ போட்டியா?"

"போட்டேன் க்கா."

"எப்போ?"

"சனிக்கெழம."

"திங்கக்கெழம காலைல மேனேஜர் போன் பண்ணாரு. உன் பிரண்டு போட்டுட்டா, நீ இன்னா சொல்றேன்னு. இல்ல, அவ போட மாட்டா, ரெண்டு பேரும் சேந்துதான் வருவோம்னேன். நீ போட்ட கையெழுத்த போட்டோ புடிச்சு அனுப்புனாரு. அத்த பாத்த பெறவு எனக்குப் போடத் தோணல." கையிலிருந்த ஜெர்சியை மடித்தாள். "ஒரு போனு பண்ண முடியலயா உனக்கு?"

நான் சும்மா இருந்திருக்கலாம். "நீயுந்தான் தனியா மணவாள நகரு போய்ட்டு வந்த. என்னாண்ட சொன்னியா?" என்றேன்.

அவள் முகம் ஒரு கணம் என்னவோ போல ஆனது.

"ஓ. அத்த மனசுல வச்சிக்கினுதான் இப்டி பண்ணியா" என்றாள். ஏன் போனாள் என்று சொல்லவில்லை. பூட்ஸைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள், அது பாதியில் சிக்கியது, அப்படியே தூக்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் மேனேஜரிடம் கேட்டேன். இரண்டு பேருக்கும் ஒரே சம்பளம், ஏன் என்னை விட்டுவிட்டு அவளை நீக்கினீர்கள் என்று. அவருக்கு அது கேள்வியாகவே படவில்லை.

"நாப்பதாயிரம் எங்கேந்தாவது வரணும்மா. உன்ன எடுத்தா, பிரிச்சு வச்ச அறுபதாயிரமும் மொத்தமா இந்த வருஷக் கணக்குலயே வுழுந்துரும். வச்சிக்கினா அம்பதுதான். உன்ன அனுப்பறது வச்சிக்கறத விட செலவு. அவங்க விஷயம் அப்டி இல்ல. கையெழுத்து இல்ல, கைல ஒண்ணும் குடுக்கல. எடுத்தா முழுசா தொண்ணூறும் மிச்சம்."

எந்தக் காகிதம் என்னை வெளியே தள்ளும் என்று ஒரு வாரமாகப் பயந்தேனோ, அதுதான் என்னை உள்ளே வைத்திருந்தது. அதற்குப் பயந்து அவளைத் தடுத்தேன், அதனால் அவள் வெளியே போனாள்.

மேனேஜர் ஃபைலை மூடிவிட்டு இன்னொன்றும் சொன்னார். "பொதன்கெழம அவங்க என் ஆபீஸுக்கு வந்தது உனக்கும் சேத்துப் பேசத்தான்மா. நீக்குனா பணத்த திருப்பிக் கேக்கக் கூடாதுன்னு ரெண்டு பேரு பேப்பர்லயும் ஒரு வரி எழுதச் சொன்னாங்க. சனிக்கெழம ரெண்டு பேரும் வருவோம்னுதான் சொல்லிட்டுப் போனாங்க."

அப்படியானால் அவள் எனக்காகவும்தான் இரண்டு ரயில் மாறிப் போயிருக்கிறாள். ஆனால் அந்த நிமிடத்திலேயே வேறொரு நினைப்பும் வந்தது. இவர் ஏன் இதை இப்போது சொல்கிறார்? அவளை எடுத்தது இவர். பழியை என் தலையில் இறக்கிவிட்டால் இவர் கை சுத்தம். இதற்காகவே கட்டிச் சொல்கிறாரோ? நான் போவதற்கு முன்பே அந்த வரி அச்சாகியிருந்தது உண்மை. ஆனால் அதை யார் எழுதச் சொன்னார்கள் என்பதற்கு அவர் வாய்தான் சாட்சி. அன்று சனிக்கிழமை அவளும் வருவதாக இருந்ததென்றால், ஆபீஸில் என்னைப் பார்த்ததும் அவள் எங்கே என்று ஏன் கேட்கவில்லை? இதையும் நான் அவரிடம் கேட்கவில்லை.

சீசன் தொடங்கியது. தடாக்காரி நன்றாகத்தான் ஆடினாள். என்னிடம் மரியாதையாக இருந்தாள், 'நைனா ஃபுட்பால் ஆடாதன்னு அடிச்சாரு க்கா, இப்போ அவரே பஸ் ஏத்தி வுடறாரு' என்று கதை சொல்லுவாள். புதிய கீப்பர் பெண் கெட்டிக்காரி, ஆனால் கத்த மாட்டாள். என் முதுகுக்குப் பின்னால் சத்தமே இல்லாமல் இருந்தது. திரும்பித் திரும்பிப் பார்த்து ஆடினேன். அதில் நாலைந்து கோல் போனது.

பழைய கீப்பரைப் பொன்னேரிப் பக்கத்து அணி ஐம்பதாயிரத்துக்கு எடுத்துக்கொண்டது. ஏழாவது மேட்ச் அவர்களோடு. ஆளுக்கு ஒரு கோல் என்று இருந்தபோது எங்களுக்கு பெனால்டி கிடைத்தது. தடாக்காரி அடித்தாள். அவள் எப்போதும் ஓடிவந்து ஒரு நொடி நின்று வலது மூலைக்கு அடிப்பாள். பழைய கீப்பர் அந்த ஒரு நொடியில் அசையவே இல்லை. நின்று, பிறகு வலது மூலைக்குப் பாய்ந்து தட்டிவிட்டாள். மேட்ச் அப்படியே முடிந்தது.

பஸ்ஸில் ஏறும்போது மேனேஜர் என் பக்கத்தில் வந்தார். "அவங்களோட பேசறியாமா?"

"இல்ல சார்."

"இல்ல, நம்ம பொண்ணு எந்தப் பக்கம் அடிப்பான்னு கரெக்டா தெரிஞ்சிருக்குதே, அதான் கேட்டேன்."

நான் சொல்லவில்லை என்றேன். தடாக்காரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு பெனால்டி பயிற்சி நடக்கும்போது என்னைப் பந்து பொறுக்க மறுபக்கம் அனுப்பினார்கள். யாரும் நேராக ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு எதிரே பேச்சு குறைந்தது, அவ்வளவுதான். அந்த லீக்கில் மூன்றாவதாக வந்தோம்.

சீசன் முடிந்ததும் காகிதத்தில் இருந்த அந்த இரண்டு வருடமும் சொன்னபடியே ரத்தாகின. ஆனால் கையெழுத்துப் போட்ட எங்கள் மூன்று பேருக்கும் கொடுத்ததில் கணக்குக்கு வராமல் மிச்சமிருந்த நாற்பதாயிரம், ஆளுக்கு ஆள், அடுத்த சீசன் லிமிட்டில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு லட்சத்து இருபதாயிரம், ஆட்டக்காரி இல்லாமல். மேனேஜர் மறுபடி காகிதத்தோடு வந்தார். மறுபடி மூன்று வருடத்துக்குப் புதிதாக எழுதிவிட்டால் அதையும் தள்ளிப்போடலாம் என்றார். இந்த முறை ஐந்து பக்கம்.

அதை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை கீப்பர் வீட்டுக்குப் போனேன். காகிதம் ஒரு சாக்கு. அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே வா என்றாள். டீ போட்டுக் கொடுத்தாள். காகிதத்தைத் தொடவில்லை.

"போடறதும் போடாததும் உன் இஷ்டம். என்னாண்ட கேக்காத. ஒரு தடவ சேந்து முடிவு பண்ணது போதும்."

"க்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு மேனேஜராண்ட அந்த வரிய எழுதச் சொன்னது நீதானா?"

அவள் துண்டில் கையைத் துடைத்தாள்.

"எந்த வரி?" என்றாள்.

நாலு சீசன் அவளுக்கு முன்னால் நின்று ஆடியவள் நான். ஆனால் நான் பார்த்ததெல்லாம் எதிரணியைத்தான், அவள் என் பின்னால் இருந்தாள். அவள் முகத்தைப் படித்துப் பழக்கமில்லை. தெரியாமல் கேட்கிறாளா, தெரிந்தே கேட்கிறாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. டீ நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

புதுக் காகிதத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. அந்த அணி அடுத்த சீசனில் லிமிட் போதாமல் இரண்டு ஆட்டக்காரிகளைக் குறைவாக வைத்துக்கொண்டு ஆடி, கடைசி இடத்துக்கு வந்தது. பிறகு முதலாளி அணியையே விட்டுவிட்டார். நான் வேறு அணியில் நாற்பத்தைந்தாயிரத்துக்கு ஆடினேன். முட்டி வலியோடு அதுவும் முடிந்தது. இப்போது பார்வையாளராகப் போவதோடு சரி.

போன மாதம் கும்மிடிப்பூண்டி பஸ் நிலையத்தில் அவளைப் பார்த்தேன். மகளும் கூட இருந்தாள், அம்மாவைவிட உயரம். கீப்பர் என்னிடம் வந்து, "முட்டி எப்டி இருக்குதுடி?" என்று கேட்டாள்.

"பரவால்ல க்கா" என்றேன்.

அதற்குள் என் பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்து டிக்கெட் எடுத்தேன். முட்டி வலியைப் பற்றி அவளிடம் யார் சொல்லியிருப்பார்கள், அவள் அதை ஏன் கேட்டாள் என்று கவரைப்பேட்டை வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.